மரவளையங்களைக் கொண்டு கடந்தகாலக் காலநிலையை ஆராய்வது எப்படி? தொடக்கநிலையினருக்கான வழிகாட்டி

வெப்பமானியும் மழைமானியும் கொண்டு முறையாக எழுதிவைக்கப்பட்ட வானிலைப் பதிவுகள் உலகின் பெரும்பாலான பகுதிகளில் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பால் செல்வதில்லை. ஒரு வறட்சி இதுவரை காணாததா, சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோவதா என்பதை அவ்வளவு குறுகிய பதிவை வைத்து முடிவு செய்வது ஆபத்தானது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்று நீரை மாநிலங்களுக்கிடையே பங்கிட 1922-இல் செய்த ஒப்பந்தம் இதற்குத் தெளிவான சான்று. ஆற்றின் மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டுக்குத் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி நீர், ஆக மொத்தம் 150 லட்சம் என்று அப்போது பிரித்தார்கள் (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி). ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் மரவளையங்களைக் கொண்டு ஆற்றின் பழைய நீரோட்டத்தைக் கணக்கிட்டபோது, நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 135 லட்சம் ஏக்கர்-அடிதான் என்றும், ஒப்பந்தத்துக்கு அடிப்படையாக அமைந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வழக்கத்தைவிட ஈரமான காலம் என்றும் தெரியவந்தது. மரங்கள் வைத்திருந்த கணக்கு மனிதர்களின் கணக்கைவிட நீளமானதாக இருந்தது.

இந்தத் துறைக்குள் புதிதாக நுழைபவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வளையங்களை எண்ணுவது வேறு, ஒவ்வொரு வளையத்துக்கும் அது உருவான ஆண்டைச் சரியாக வழங்குவது வேறு. முன்னதை யாரும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். பின்னதுதான் மரவளையவியல். கீழே சொல்லப்படும் படிகளில் எதைச் சுருக்கினாலும் அந்த ஒன்றைச் சுருக்க வேண்டாம்.

வளையம் உருவாகும் விதம்

மரப்பட்டைக்குச் சற்று உள்ளே, காம்பியம் என்ற மெல்லிய திசு அடுக்கு இருக்கிறது. வளர்பருவம் தொடங்கியதும் அது உட்புறமாகப் புதிய மரச்செல்களை உண்டாக்குகிறது. ஊசியிலை மரங்களில், பருவத்தின் தொடக்கத்தில் பிறக்கும் செல்கள் அகன்றும் மெல்லிய சுவருடனும் வெளிர்நிறமாக இருக்கும். இதை முன்பருவக் கட்டை என்கிறோம். பருவம் முடியும் தறுவாயில் பிறப்பவை சிறுத்துத் தடித்த சுவருடன் கருமையாக இருக்கும். இது பின்பருவக் கட்டை. கருமையான பட்டை சட்டென்று முடிந்து அடுத்த வெளிர்ப்பட்டை தொடங்கும் அந்தக் கூர்மையான கோடே ஓராண்டின் எல்லை.

எல்லா மரங்களும் இந்த வேலைக்கு உதவமாட்டா. புறத்தே வைரம் பாய்ந்த தென்னை, பனை, மூங்கில் ஆகியவற்றில் இத்தகைய காம்பிய வளர்ச்சியே இல்லாததால் ஆண்டு வளையமும் இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் மாறாத காடுகளில் வளரும் பல மரங்கள் வளர்ச்சியை நிறுத்துவதே இல்லை. அவற்றின் வளையங்கள் தெளிவற்றிருக்கும், அல்லது ஆண்டுக்கு ஒன்று என்ற ஒழுங்கில் இருக்காது. வெப்பமண்டலத்தில் விதிவிலக்காகப் பெயர்பெற்றது தேக்கு. வறண்ட பருவத்தில் இலையுதிர்த்து உறங்கிவிட்டு மழையோடு விழிப்பதால், வளையத்தின் தொடக்கத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் பெரிய துளைகள் வரிசையாக அமைகின்றன. ஜாவாத் தீவின் தேக்குகளைக் கொண்டு 1514 வரை பின்னோக்கிச் செல்லும் வளைய வரிசையை, அதாவது ஆண்டு குறிக்கப்பட்ட வளையங்களின் தொடரை, பெர்லேக் என்ற ஆய்வாளர் 1931-லேயே வெளியிட்டார். எனவே, உங்கள் ஆய்வுக்கு மர இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது ஆண்டுக்கு ஒரு வளையம் உண்டாக்குவது உறுதிசெய்யப்பட்டதா, அந்த இனத்தில் முன்பே வளைய வரிசைகள் உருவாக்கப்பட்டுள்ளனவா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

இடத்தையும் மரத்தையும் தேர்ந்தெடுத்தல்

மரத்தின் வளர்ச்சியை எந்தக் காரணி மட்டுப்படுத்துகிறதோ, அதைப் பற்றித்தான் அதன் வளையம் பேசும். வறண்ட சரிவில், பாறையிடுக்கில், மண் குறைவான இடத்தில் நிற்கும் மரத்துக்கு நீரே பற்றாக்குறை. ஆகவே அதன் வளையம் மழையின் ஏற்றத்தாழ்வைக் காட்டும். மலையில் மரங்கள் வளரக்கூடிய மேல் எல்லையில் நிற்கும் மரத்துக்குக் கோடைவெப்பமே பற்றாக்குறை. அதன் வளையம் வெப்பநிலையைக் காட்டும். ஓடைக்கரையில் செழித்து நிற்கும் மரமோ எல்லா ஆண்டும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் வளையமிடும். பார்வைக்கு அழகாக இருந்தாலும் அதில் படிக்க எதுவும் இல்லை.

ஆகவே முதலில் கேள்வியைத் தீர்மானியுங்கள். அதன் பிறகே மரத்தைத் தேடுங்கள். மழை வரலாறு வேண்டுமென்றால் வறண்ட எல்லைக்கும், வெப்ப வரலாறு வேண்டுமென்றால் குளிர்ந்த எல்லைக்கும் செல்லுங்கள். பருத்த மரம் வயதான மரம் என்று எண்ணிவிட வேண்டாம். கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 4,800 ஆண்டுகளுக்கும் மேல் வயதுடைய பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள், வளம் குன்றிய மண்ணில் குட்டையாகவும் முறுக்கிக்கொண்டும் நிற்கின்றன. முறுகிய தண்டு, பட்டுப்போன உச்சி, கனத்த சில கிளைகள் மட்டும் எஞ்சிய மேற்பகுதி ஆகியவையே முதுமையின் நம்பகமான அடையாளங்கள். வெட்டுக்காயம், பூச்சித்தாக்குதல், அண்மையில் பக்கத்து மரம் வெட்டப்பட்டதால் கிடைத்த திடீர் வெளிச்சம் போன்றவை உள்ள மரங்களைக் காலநிலை ஆய்வுக்குத் தவிர்த்துவிடுங்கள். அவை வேறு கேள்விகளுக்குப் பயன்படும்; அதைப் பின்னர் சொல்கிறேன்.

மாதிரி எடுத்தல்

நிலத்துக்கும் மரத்துக்கும் உரியவரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்ற பின்னரே மரத்தைத் தொட வேண்டும். மரத்தை வெட்டத் தேவையில்லை. இன்கிரிமென்ட் போரர் என்ற, நுனியில் திருகுமறை கொண்ட உள்ளீடற்ற எஃகுக் குழாயைக் கையால் திருகிச் செலுத்தினால், சுமார் 4 முதல் 5 மி.மீ. விட்டத்தில், பென்சிலைவிட மெல்லிய ஒரு மாதிரிக்குச்சி கிடைக்கும்.

சராசரி நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டரில் துளையிடுவது வழக்கம். சரிவில் நிற்கும் மரமானால் சரிவின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் துளையிடாமல், சரிவுக்குக் குறுக்கான பக்கங்களில் துளையிடுங்கள். சாயும் தண்டைத் தாங்கிப்பிடிக்க ஊசியிலை மரங்கள் கீழ்ப்பக்கத்திலும் அகன்ற இலை மரங்கள் மேற்பக்கத்திலும் தனிவகைக் கட்டையை வளர்க்கின்றன. அங்கே வளையம் அகலமாக இருப்பதற்கும் மழைக்கும் தொடர்பு இருக்காது.

கருவியைத் தண்டுக்குச் செங்குத்தாக, மையத்தை நோக்கிப் பிடித்து, திருகுமறை மரத்தைப் பற்றும்வரை நன்றாக அழுத்தித் திருகுங்கள். பற்றிய பிறகு அழுத்தம் தேவையில்லை. அது தானே உள்ளே செல்லும். மையத்தை அடைந்ததும், குழாய்க்குள் மெல்லிய உருவுதகட்டைச் செருகி, கருவியைப் பின்புறமாக அரைச்சுற்று சுற்றினால் குச்சி மரத்திலிருந்து அறுபடும். அறுபடும் அந்தச் சிறு நொடிப்பைக் கைப்பிடியில் உணரலாம். உருவுதகட்டை மெதுவாக இழுத்துக் குச்சியை எடுத்தவுடன், அதை ரசித்துப் பார்த்துக்கொண்டிராமல் முதலில் கருவியை மரத்திலிருந்து கழற்றிவிடுங்கள். தாமதித்தால் மரம் கருவியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திருகுமறையில் தேன்மெழுகு பூசினால் உராய்வு குறையும். ஒரு மரத்தின் நோய் அடுத்த மரத்துக்குப் பரவாமலிருக்க, ஒவ்வொரு மரத்துக்குப் பின்னும் கருவியை ஆல்கஹாலால் துடைப்பது அவசியம்.

ஒரு மரத்துக்கு இரண்டு குச்சிகள், ஓரிடத்தில் குறைந்தது இருபது மரங்கள் என்பது நல்ல தொடக்கம். குச்சிகளைக் காகித உறிஞ்சுகுழலில் இட்டு, இடத்தின் குறியீடு, மர எண், குச்சி எழுத்து, எடுத்த நாள் ஆகியவற்றை அதன்மேலேயே எழுதுங்கள். பிளாஸ்டிக் குழலில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நாளைக் குறிப்பதில் அலட்சியம் கூடாது. வளர்பருவத்தின் நடுவில் எடுத்த குச்சியில் பட்டையை ஒட்டிய வளையம் முழுமையடைந்திருக்காது. பருவம் தொடங்குமுன் எடுத்ததில் கடைசி வளையம் முந்தைய ஆண்டுடையதாக இருக்கும். தென்னரைக்கோளத்தில் வளர்பருவம் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் பரவியிருப்பதால், வளர்ச்சி தொடங்கிய ஆண்டையே வளையத்தின் ஆண்டாகக் கொள்வது மரபு.

ஒட்டுதலும் தேய்த்தலும்

நன்றாக உலர்ந்த குச்சியை, பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் நீரில் கரையும் பசையால் ஒட்டி, நூலால் கட்டி உலரவிடுங்கள். மரத்தில் செல்கள் எப்படி நெடுக்காக நின்றனவோ, சட்டத்திலும் அப்படியே நிமிர்ந்து நிற்க வேண்டும். குச்சியைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு பக்கங்கள் பளபளக்கும், இரண்டு பக்கங்கள் மங்கியிருக்கும். மங்கிய பக்கம் மேலே வரும்படி ஒட்டினால் சரியாக அமையும். பக்கம் மாறி ஒட்டிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் வளைய எல்லை தெளிவாகத் தெரியாது.

பிறகு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 120 எண்ணில் தொடங்கி 220, 320, 400, 600 என்று படிப்படியாக நுண்மைக்குச் செல்லுங்கள். முந்தைய தாளின் கீறல்கள் முற்றிலும் மறைந்த பிறகே அடுத்த தாளை எடுக்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் தனித்தனிச் செல்களின் சுவர்கள் தெரிகின்றனவா என்பதே அளவுகோல். தெரியவில்லையென்றால் வேலை முடியவில்லை என்று பொருள். குறுகிய வளையம் ஒன்று இரண்டே செல் அகலத்தில் இருக்கலாம். அரைகுறையாகத் தேய்த்த பரப்பில் அது கண்ணில் படாமலே போகும்.

ஆண்டை உறுதிசெய்தல்: குறுக்குக் காலக்கணிப்பு

இதுவே துறையின் இதயம். கடும் வறட்சியில் மரம் தண்டின் ஒரு பகுதியில் வளையமே இடாமல் விட்டுவிடலாம். இது விடுபட்ட வளையம். பருவத்தின் நடுவில் வறட்சி வந்து மீண்டும் மழை பெய்தால், ஒரே ஆண்டில் இரண்டு வளையம்போலத் தோன்றலாம். இது பொய் வளையம். பொய் வளையத்தில் கருமையிலிருந்து வெளிர்நிறத்துக்கு மாற்றம் இருபுறமும் படிப்படியாக இருக்கும். மெய்யான எல்லையோ வெளிப்பக்கத்தில் வெட்டியதுபோல் முடியும். வெறுமனே எண்ணினால் இந்த இரண்டும் கணக்கைக் குலைத்துவிடும்.

ஓரிடத்தின் மரங்கள் அனைத்தும் ஒரே வானிலையை அனுபவிப்பதால், அவற்றின் அகன்ற வளையங்களும் குறுகிய வளையங்களும் ஒரே வரிசையில் அமைகின்றன. அந்த வரிசையை மரத்துக்கு மரம் ஒப்பிட்டு ஒவ்வொரு வளையத்தின் ஆண்டையும் நிலைநாட்டுவதே குறுக்குக் காலக்கணிப்பு. இதை முறைப்படுத்தியவர் ஏ. ஈ. டக்ளஸ் என்ற வானியலாளர். அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடிக் கட்டடங்களில் கிடைத்த உத்தரங்களைக் கொண்டு நீண்ட வரிசை ஒன்றை உருவாக்கியிருந்தும், அதை வாழும் மரங்களின் வரிசையோடு இணைக்க முடியாமல் ஓர் இடைவெளி அவரைத் தடுத்துவந்தது. 1929-இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த, எச்.எச்.-39 என்று எண்ணிட்ட கரிந்த உத்தரம் ஒன்று அந்த இடைவெளியை நிரப்பியது. அதுவரை வயது தெரியாதிருந்த பல கட்டடங்களுக்கு அதனால் ஆண்டுகள் கிடைத்தன. 1937-இல் அவர் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வுக்கூடத்தை நிறுவினார்.

இதைக் கற்பதற்கு இன்றும் சிறந்த வழி, டக்ளஸ் வகுத்த எலும்புக்கூட்டு வரைபட முறைதான். ஒரு வரைபடத்தாள் கீற்றை எடுத்து, ஒவ்வொரு செங்கோட்டையும் ஓர் ஆண்டாகக் கொள்ளுங்கள். நுண்ணோக்கியில் வளையங்களை வரிசையாகப் பார்த்து, அக்கம்பக்கத்து வளையங்களைவிடத் தெளிவாகக் குறுகியிருப்பதற்கு மட்டும் கோடு இழுங்கள். எவ்வளவு குறுகலோ அவ்வளவு நீளக் கோடு. சராசரி வளையங்களுக்கு எதுவும் வேண்டாம். இப்படி ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு கீற்று தயாரித்து, இரண்டு கீற்றுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து நகர்த்திப் பாருங்கள். நீண்ட கோடுகள் ஒன்றோடொன்று நேராக வந்து நிற்கும் இடம் ஒன்றே ஒன்று இருக்கும்.

பொருந்தாதபோதுதான் கற்றல் தொடங்குகிறது. பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணிக்கொண்டு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1925 வரை உங்கள் குச்சி மற்றவற்றோடு பொருந்துகிறது. மற்ற மரங்களில் 1913, 1904, 1899 ஆகியவை குறுகிய ஆண்டுகள். உங்கள் குச்சியிலோ அவை 1914, 1905, 1900 என்று ஓராண்டு பிந்தி விழுகின்றன. அப்படியானால் 1925-க்கும் 1913-க்கும் இடையில் ஒரு வளையம் விடுபட்டிருக்கிறது. மற்ற மரங்களில் அந்த இடைவெளியில் மிகக் குறுகிய வளையம் எந்த ஆண்டில் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை உங்கள் குச்சியில் மீண்டும் தேய்த்து, அதே மரத்தின் இரண்டாவது குச்சியையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். அவை 1912, 1903, 1898 என்று ஓராண்டு முந்தி விழுந்தால், பொய் வளையம் ஒன்றை மெய்யென எண்ணிவிட்டீர்கள் என்று பொருள். உறுதியானதும் பத்தாண்டுக்கு ஒரு புள்ளி, ஐம்பதாண்டுக்கு இரண்டு புள்ளி, நூறாண்டுக்கு மூன்று புள்ளி என்று பென்சிலால் குச்சியின் மேலேயே குறியுங்கள். எதனோடும் பொருந்தாத குச்சியை, எவ்வளவு உழைத்து எடுத்ததாக இருந்தாலும், ஒதுக்கிவிட வேண்டும். வலிந்து பொருத்தப்பட்ட ஒரு குச்சி முழு வரிசையின் நம்பகத்தன்மையையும் கெடுத்துவிடும்.

அளவீடும் சரிபார்ப்பும்

நுண்ணோக்கியோடு இணைந்த அளவீட்டு மேடையைக் கொண்டோ, உயர்தெளிவு ஸ்கேனர் படத்தைக் கொண்டோ ஒவ்வொரு வளையத்தின் அகலத்தையும் நூறில் ஒரு மி.மீ. அல்லது ஆயிரத்தில் ஒரு மி.மீ. நுட்பத்தில் அளக்கலாம். பிறகு கோஃபெச்சா என்ற நிரல் சரிபார்ப்புக்குத் துணை செய்யும். அது ஒவ்வொரு குச்சியின் அளவீட்டு வரிசையையும் வழக்கமாக 50 ஆண்டுத் துண்டுகளாக, அடுத்தடுத்த துண்டுகளுக்கு 25 ஆண்டுகள் பொதுவாக இருக்கும்படி வெட்டி, மற்ற எல்லா வரிசைகளின் சராசரியோடு ஒப்பிடுகிறது. இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.3281-க்குக் கீழே சென்றாலோ, வேறோர் ஆண்டில் நன்றாகப் பொருந்தினாலோ எச்சரிக்கை தரும். எச்சரிக்கை வந்தால் திரும்பிப் போய்க் கட்டையைப் பாருங்கள். நிரல் சொன்னது என்பதற்காகக் கணினியில் மட்டும் ஒரு வளையத்தைச் சேர்ப்பதோ நீக்குவதோ தகாது. கட்டையில் அதற்குச் சான்று இருக்க வேண்டும்.

வயதின் விளைவை நீக்குதல்

இளம் மரம் அகன்ற வளையமிடும்; தண்டு பருக்கப் பருக்க வளையம் குறுகும். இது வானிலையின் விளைவு அன்று. எனவே ஒவ்வொரு வரிசைக்கும் மெதுவாகச் சரியும் வளைகோடு ஒன்றைப் பொருத்தி, அளந்த அகலத்தை அந்த வளைகோட்டின் மதிப்பால் வகுத்தால், ஒன்றைச் சுற்றி ஏறியிறங்கும் குறியீட்டெண் கிடைக்கிறது. இவற்றைச் சராசரியாக்கினால் அந்த இடத்தின் வளைய வரிசை உருவாகும். ஆர் என்ற புள்ளியியல் கணினிமொழியில் இயங்கும், கட்டணமற்ற டிபிஎல்ஆர் தொகுப்பு இதற்குப் போதுமானது.

இங்கே கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. நெகிழ்வான வளைகோட்டைப் பொருத்தினால் வயதின் விளைவோடு, பல பத்தாண்டுகள் நீடித்த மெய்யான காலநிலை மாற்றமும் சேர்ந்தே அழிந்துவிடும். மரங்களின் சராசரி ஆயுளைவிட நீண்ட காலநிலை அலைகளை இந்த முறையால் மீட்பது கடினம். ஆகவே எந்த வளைகோட்டைப் பயன்படுத்தினீர்கள், ஏன் என்பதை முடிவுகளோடு எழுதுவது கடமை. பழைய நூற்றாண்டுகளுக்குச் செல்லச் செல்ல மரங்களின் எண்ணிக்கை குறையும் என்பதால், எந்த ஆண்டு வரை வரிசையை நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு, கையிலுள்ள மரங்கள் அந்த இடத்தின் பொதுவான வளர்ச்சிப் போக்கை எவ்வளவு நன்றாகக் காட்டுகின்றன என்பதைச் சொல்லும் ஈபிஎஸ் என்ற அளவு 0.85-க்குக் குறையாமலிருப்பதைப் பலரும் எல்லையாகக் கொள்கிறார்கள்.

காலநிலையோடு பொருத்துதல்

அருகிலுள்ள வானிலை நிலையத்தின் மாதவாரி மழை, வெப்பப் பதிவுகளோடு உங்கள் வரிசையை ஒப்பிட்டு, எந்த மாதங்களுக்கு மரம் எதிர்வினை காட்டுகிறது என்று கண்டறியுங்கள். முந்தைய ஆண்டின் மாதங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரம் சென்ற ஆண்டு சேமித்த உணவைக் கொண்டே இந்த ஆண்டு வளரத் தொடங்குகிறது. பிறகு பதிவுக் காலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் சமன்பாட்டை அமைத்து, மறு பாதியில் சோதியுங்கள். சோதனையில் தேறாத சமன்பாட்டைக் கொண்டு பழைய நூற்றாண்டுகளின் மழையைக் கணக்கிடக் கூடாது.

தேறினாலும் எச்சரிக்கை வேண்டும். வட உயர் அட்சப் பகுதிகளின் சில காடுகளில், 1960-களுக்குப் பிறகு வெப்பநிலை உயர்ந்தும் வளைய வளர்ச்சி அதற்கேற்ப உயரவில்லை. ஒரு காலத்தில் வெப்பத்துக்கு ஏங்கிய மரம் இன்னொரு காலத்தில் நீருக்கு ஏங்கக்கூடும் என்பதை இது நினைவூட்டுகிறது.

பல இடங்களின் வரிசைகளை இணைத்தால் தனி இடம் காட்டாத படம் கிடைக்கும். 2010-இல் வெளியான பருவமழை ஆசியாவின் வறட்சி வரைபடத் தொகுப்பு முந்நூறுக்கும் மேற்பட்ட வளைய வரிசைகளைக் கொண்டு ஏழு நூற்றாண்டு வறட்சி வரலாற்றை மீட்டது. தாது வருடப் பஞ்சம் என்று நாம் அறிந்த 1876-78 ஆண்டுகளின் கொடுமை, ஆசியாவின் பெரும்பகுதியைத் தாக்கிய ஒரே வறட்சியின் பகுதி என்பது அதில் ஆண்டுவாரியாகத் தெரிகிறது.

அகலத்துக்கு அப்பால்

வளையத்தின் அகலம் ஒரு சான்று மட்டுமே. தீ மரத்தைக் கொல்லாமல் விட்டால் தழும்பு வளையத்துக்குள் பதியும். அது முன்பருவக் கட்டையில் உள்ளதா, பின்பருவக் கட்டையில் உள்ளதா என்பதிலிருந்து தீப்பிடித்த பருவத்தையே அறியலாம். வளர்பருவத்தில் எதிர்பாராமல் விழுந்த கடுங்குளிர், நசுங்கிய செல்களாகப் பனி வளையத்தை விடுகிறது. பெரிய எரிமலை வெடிப்புகளுக்குப் பிந்திய குளிர்ந்த கோடைகளை இப்படி அடையாளம் கண்டிருக்கிறார்கள். நிலச்சரிவில் சாய்ந்த மரம் எந்த ஆண்டிலிருந்து ஒருபக்கமாகத் தடித்து வளர்ந்தது என்று பார்த்தால் சரிவின் ஆண்டு கிடைக்கும். முன்பு தவிர்க்கச் சொன்ன காயம்பட்ட மரங்கள் பயன்படுவது இங்கேதான். வளையம் தெளிவற்ற வெப்பமண்டல மரங்களில், செல்லுலோஸில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின்) விகிதம் மழையின் சுவட்டைத் தருகிறது. ஜப்பானிய செடார் மரங்களில் ஃபூசா மியாகேயும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் கண்டறிந்த, கி.பி. 774-775-இல் கதிரியக்கக் கார்பன் திடீரென உயர்ந்த தடம், உலகெங்கும் உள்ள மரங்களில் அதே ஆண்டில் காணப்படுகிறது. ஆண்டுக் கணிப்பில் ஒரு வளையம் தவறியிருந்தாலும் அந்த ஒப்பீடு சாத்தியமாகியிருக்காது.

கருவி வாங்குமுன் பயிற்சி

உடனே காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. பன்னாட்டு மரவளையத் தரவு வங்கியில் உலகின் பல பகுதிகளிலிருந்து ஆய்வாளர்கள் அளித்த அளவீடுகள் யாரும் பதிவிறக்கும்படி உள்ளன. ஒரே இடத்தின் பத்துப் பதினைந்து வரிசைகளை எடுத்து, அவற்றில் ஒன்றிலிருந்து வேண்டுமென்றே ஒரு வளையத்தை நீக்கிவிட்டு, எந்த ஆண்டு நீக்கப்பட்டது என்று நண்பர் ஒருவரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் நீக்கியதை நீங்கள் கண்டுபிடியுங்கள். மரப்பட்டறையில் கழிக்கப்படும் ஊசியிலை மரக் குறுக்குவெட்டுகளைக் கேட்டு வாங்கித் தேய்த்துப் பழகலாம். ஒரு வட்டத்தின் நான்கு திசைகளிலும் தனித்தனியாக எண்ணினால் எந்த வளையம் எங்கே மறைகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். உங்கள் சொந்த வரிசை ஒன்று உருவானபின் அதையும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், மர இனம், எடுத்த நாள் ஆகிய விவரங்களோடு அதே தரவு வங்கிக்கு அளியுங்கள். குச்சிகளைத் தூக்கி எறியாமல், பெயர்ச்சீட்டோடு உலர்ந்த இடத்தில் பாதுகாத்து வையுங்கள். ஐயம் எழும்போது திறந்து பார்க்க வேண்டியது அளவீட்டுக் கோப்பை அன்று, அந்தக் கட்டையைத்தான்.